குருதி நோயாளியை மதிப்பிடும்போது தாதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குருதி நோயாளி ஒருவர் விடுதிக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது ஆய்வுகூட அறிக்கையைத்தான். அறிக்கை தேவைதான். ஆனால் வீட்டில் என்ன மருந்து குடித்தார், பல் முரசில் எத்தனை நாளாக இரத்தம் கசிகிறது, தாய்மாமனுக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் எந்த அறிக்கையிலும் வராது. கேட்டும் பார்த்தும் தொட்டும் அறிய வேண்டியவை அவை. அந்த வேலை தாதியருடையது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் தாதியப் பயிற்சியில் இருக்கும் தம்பி தங்கைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

தவறுகளில் பெரியது, குடும்ப வரலாற்றை ஒரே கேள்வியில் முடித்துவிடுவது. “குடும்பத்தில் யாருக்காவது இரத்த நோய் இருக்கிறதா?” என்று கேட்டால் “அப்படி ஒன்றும் இல்லை, மிஸ்” என்ற பதில்தான் வரும். அவர்கள் மறைப்பதில்லை. முழங்கால் வீங்கி வீங்கி நடக்க முடியாமல் போன மாமாவுக்கு வாதம் என்றுதான் வீட்டில் சொல்லியிருப்பார்கள். ஆகவே நடந்ததைக் கேளுங்கள். பல் பிடுங்கிய பிறகு இரத்தம் நிற்காமல் வைத்தியசாலைக்குப் போனவர் உண்டா? பிள்ளைப்பேற்றின்போது அளவுக்கு மீறி இரத்தம் போனவர் உண்டா? மாதாமாதம் இரத்தம் ஏற்றிக்கொள்பவர் உண்டா? காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் இருந்து வரும் முஸ்லிம் குடும்பங்களிடம், சுன்னத்துச் செய்தபோது இரத்தம் நிற்காமல் போன பிள்ளை உண்டா என்று கட்டாயம் கேட்க வேண்டும். இரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஈமோபீலியா முதன்முதலாக வெளிப்படும் இடங்களில் அதுவும் ஒன்று.

ஈமோபீலியா பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வருகிறது. அதைக் காவும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் 50 வீத வாய்ப்பு. எனவே விசாரிக்க வேண்டியது தாய்மாமன்மார், பெரியம்மா சின்னம்மாவின் ஆண்பிள்ளைகள், அம்மம்மாவின் சகோதரர்கள் ஆகியோரைப் பற்றி. இதில் நம் பகுதிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இங்கே தமிழரும் முஸ்லிம்களும் குடியை, அதாவது குலத்தை, தாய்வழியில் எண்ணுகிறவர்கள். பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பதால் சகோதரிகள் பலர் அயல் வளவுகளிலேயே இருப்பார்கள். அம்மம்மாவைக் கட்டிலருகே இருத்திப் பொறுமையாகக் கேட்டால் மூன்று தலைமுறையின் கதை வந்துவிடும். இவ்வளவு நல்ல வாய்ப்பை அவசரத்தில் தவறவிடுவது எனக்கு மிகவும் வருத்தமான விடயம். அதே நேரம், ஈமோபீலியா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் அந்த நோய் இருந்திராது. “இல்லை” என்ற பதிலோடு சந்தேகத்தை மூடிவிடக் கூடாது.

ஈமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியா வேறு. கடுமையான தலசீமியா உள்ள பிள்ளை தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்றிருக்கும். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். பெற்றோர் மச்சான் மச்சாள் முறையில் கட்டியவர்களா என்றும் கேட்க வேண்டும். ஆனால் “சொந்தத்துக்குள் கட்டியதால்தான் வந்தது” என்ற சொல் ஒருபோதும் தாதியின் வாயில் வரக் கூடாது. அந்தத் தாய் அடுத்த முறை கிளினிக்குக்கு வராமல் விட அது ஒன்றே போதும். அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்பை அகற்றும் மருந்தைப் பம்பில் ஏற்றும் பிள்ளையிடம் “ஒழுங்காகப் போடுகிறாயா?” என்றால் ஓம் என்றுதான் தலையாட்டும். “போன கிழமை எத்தனை இரவு போட்டாய்?” என்று கேட்டால் உண்மை வரும்.

அடுத்தது பார்வை. நம்முடைய கறுப்பு, மாநிறத் தோலில் முகத்தைப் பார்த்து வெளிறலைத் தீர்மானிக்க முடியாது. கீழ்க்கண்ணிமையின் உட்புறம், நாக்கு, உள்ளங்கை, நகத்தின் அடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த பெண்ணின் உள்ளங்கையிலும் நகத்திலும் மருதோன்றி இருக்கும். அங்கே வெளிறல் தெரியாது. வெற்றிலை போடும் ஆச்சியின் நாக்கு எப்போதும் சிவப்புத்தான். வாயைக் கொப்பளிக்கச் சொன்ன பிறகு பாருங்கள். சிறு இரத்தப் புள்ளிகளும் கறுத்த தோலில் ஒளிந்துகொள்ளும். உதட்டின் உட்புறம், மேலண்ணம், கணுக்கால், சீலை இறுகும் இடுப்பு ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். அழுத்தினால் மறையாத புள்ளி என்றால் உடனே அறிவியுங்கள். வாய்க்குள் இரத்தக் கொப்புளம் இருந்தால் இன்னும் அவசரம். மஞ்சள் காமாலையை மின்குமிழ் வெளிச்சத்தில் தேடாமல் யன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

விரலில் மாட்டும் கருவி 98 வீதம் காட்டுகிறது, ஆகவே மூச்சுத்திணறல் பெரிதில்லை என்று எழுதிவைப்பது ஆபத்தான தவறு. இருக்கிற ஈமோகுளோபினில் எவ்வளவு பங்கு ஒட்சிசனைச் சுமக்கிறது என்பதைத்தான் அந்தக் கருவி சொல்கிறது. ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 5 கிராம் என்று மிகவும் குறைந்திருந்தாலும் அது 98 காட்டலாம். மலசலகூடத்துக்குப் போய்வரும்போது நாடித்துடிப்பு எவ்வளவு ஏறுகிறது, பேச்சு இடையில் அறுகிறதா என்று பாருங்கள்.

இரும்புச்சத்துக் குளிசை குடிப்பவரின் மலம் கறுப்பாகத்தான் போகும். அதற்காகக் கறுப்பு மலத்தை எல்லாம் குளிசையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். தார்போல ஒட்டிக்கொண்டு, துர்நாற்றத்தோடு போனால் உள்ளே இரத்தம் கசிகிறது என்றே கொள்ள வேண்டும். குளிசையைப் பிளேன்டீயோடு குடிக்கிறாரா என்பதையும் கேளுங்கள். தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. பாமசியில் வாங்கிய நோக்குளிசை, பரியாரி கொடுத்த கசாயம் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் விசாரியுங்கள். அஸ்பிரின், புரூபன் போன்றவை, இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுக்களின் வேலையைக் கெடுக்கும். மாதவிடாய் பற்றி மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள். “அதிகமாகப் போகிறதா?” என்ற கேள்விக்குப் பயனில்லை, எத்தனை நாள், இரவில் எழும்பி மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேட்க வேண்டும்.

ஈமோபீலியா உள்ள பையன் முழங்காலுக்குள் ஏதோ குறுகுறுக்கிறது என்றால் வீக்கம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. வீக்கத்துக்கு முன்பே அவனுக்குத் தெரியும். தசையில் ஊசி வேண்டாம். தலையில் அடிபட்டு வந்தால் ஸ்கானுக்கு அனுப்புவதற்கு முன், அவனிடம் குறைவாக உள்ள உறைதற் காரணி (இரத்தம் உறைய உதவும் புரதம்) ஏற்றப்பட வேண்டும். வைத்தியருக்கு அதை நினைவூட்டத் தயங்காதீர்கள்.

இரத்தம் ஏற்றும்போது “நீங்கள் பாத்திமா தானே?” என்று கேட்காதீர்கள். அரைத் தூக்கத்தில் யாரும் ஓம் என்பார்கள். ஒரே விடுதியில் இரண்டு பாத்திமா, இரண்டு யோகேஸ்வரி இருப்பது இங்கே சாதாரணம். பெயரையும் பிறந்த திகதியையும் அவரே சொல்ல வேண்டும். கைப்பட்டியோடும் இரத்தப் பையோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். முதல் 15 நிமிடம் கட்டிலை விட்டு நகரக் கூடாது. குளிர் நடுக்கம், இடுப்பு வலி, காரணம் தெரியாத பயம் வந்தால் வேகத்தைக் குறைத்துப் பார்க்காமல் உடனே நிறுத்துங்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சையால், கிருமிகளோடு போராடும் வெண்குழியங்கள் குறைந்தவரிடம் சீழையும் சிவப்பையும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். சீழ் உண்டாக்கவே வெண்குழியங்கள் வேண்டும். 38 பாகையைத் தாண்டிய காய்ச்சல் மட்டுமே அவரிடம் தெரியும் ஒரே அறிகுறியாக இருக்கலாம். வீட்டார் பனடோல் கொடுத்திருந்தால் அதுவும் தெரியாது, அதனால் கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மலவாசல் வழியாக வெப்பநிலை எடுக்கக் கூடாது. இப்படிப்பட்டவருக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஒரு மணித்தியாலத்துக்குள் நாளத்தில் ஏற வேண்டும். அதனால் வைத்தியர் விடுதியைச் சுற்றிப் பார்க்க வரும்வரை வைத்திருக்காமல், அளந்த கையோடு அழைத்துச் சொல்லுங்கள்.