கை லேசானால் கட்டுப்பாடு கூடிவிடாது

மொத்த எடை வரம்புக்குள் இருந்தால் போதும் என்று நினைப்பதுதான் விமானம் ஓட்டக் கற்பவர்கள் செய்யும் முதல் தவறு. அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். தூக்குக்கோலில் கயிற்றை ஒரு விரற்கடை நகர்த்தினாலே கோல் சாய்ந்துவிடும் அல்லவா? அதே கதைதான். 1,043 கிலோ உச்ச எடை கொண்ட பழைய செஸ்னா 172 விமானத்தில், முன்னிருக்கையில் இருக்கும் 50 கிலோவைப் பின்னால் பெட்டி வைக்கும் இடத்துக்கு மாற்றினால் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் சமநிலை கொள்ளும் புள்ளி, ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் பின்வாங்கும். உச்ச எடையில் அந்த மையம் இருக்க அனுமதிக்கப்பட்ட இடைவெளியே சுமார் 22 சென்டிமீட்டர்தான்.

மையம் முன்னால் போனால் மூக்கு கனக்கும். தரையிறங்கும்போது கட்டுப்பாட்டுக் கோலை முழுக்க இழுத்தும் மூக்கு எழும்பாமல் முன்சக்கரம் முதலில் தரையில் மோதும். இதையாவது விமானி உடனே உணர்ந்துவிடுவார்.

பின்னால் போவதுதான் ஏமாற்று வேலை. கோல் லேசாகிவிடும், தொட்டாலே மூக்கு எழும்பும். "அருமையாகக் கேட்கிறதே" என்று பலர் மகிழ்ந்துபோகிறார்கள். உண்மையில், குலுங்கினால் தானாக நிலைக்குத் திரும்பும் குணத்தை விமானம் இழந்துகொண்டிருக்கிறது. மூக்கை உயர்த்துவது சுலபம். வேகம் குறைந்து இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் நேரத்தில் அதைக் கீழே தள்ளுவதற்குத்தான் எலிவேட்டருக்கு, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகட்டுக்கு, வலு போதாது. சுழன்று விழத் தொடங்கினால் மீள்வது இன்னும் கடினம். இரட்டை எஞ்சின் விமானமென்றால், மூக்கை இடம் வலம் திருப்பும் வால் சுக்கானுக்கும் மையத்திலிருந்து உள்ள நெம்புதூரம் குறைகிறது. ஓர் எஞ்சின் நின்றால், நேராகப் பறக்கக் கூடுதல் வேகம் வேண்டும்.

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் புறப்பட்ட பீச்கிராஃப்ட் 1900டி விமானத்தில் இருந்த 21 பேரும் இறந்தார்கள். இரண்டு நாட்களுக்கு முன் பராமரிப்பில் எலிவேட்டர் கம்பி தவறாகச் சரிசெய்யப்பட்டதால், மூக்கைத் தாழ்த்தும் அசைவு பாதியாகக் குறைந்திருந்தது. அதன் பிறகும் விமானம் பல முறை பறந்தது. கடைசிப் பயணத்தில்தான் சுமை மையத்தைப் பின் எல்லைக்கு அப்பால் தள்ளியது. மிச்சமிருந்த அசைவு போதவில்லை. பயணிகளுக்குச் சராசரி எடை போட்ட காகிதக் கணக்கிலோ எல்லாம் எல்லைக்குள் இருந்தது! குழு பருமனாகவோ பெட்டிகள் கனமாகவோ தெரிந்தால் சராசரியை நம்பாமல் தராசை நம்புங்கள்.

புறப்படும் நேரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு நிறுத்துவதும் பிழையே. எரிபொருள் கரையக் கரைய மையம் நகரும். எந்தப் பக்கம் என்பது தொட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. தரையிறங்கும்போது மிஞ்சும் எரிபொருளை வைத்து இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள், அதே தாளில் கீழே ஒரு வரி போதும்.