அஞ்சடியில் படுத்திருப்பவரிடம் எதைக் கேட்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புறப் பட்டணத்தில் கடையடைத்த பிறகு அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் உள்ள கூரை போட்ட நடைபாதையில், ஒருவர் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்தால், நம்மவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அது அப்படியே பழகிப்போன ஆளு, விடு." முதலில் இந்தப் பேச்சை நிறுத்துங்கள்.

டென்னிஸ் கல்ஹேன், ராண்டல் கூன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியூயார்க், பிலடெல்பியா நகரங்களின் வீடற்றோர் தங்குமிடப் பதிவேடுகளைப் புரட்டி 1998இல் எழுதினார்கள். வந்தவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போனவர்கள். வருடக்கணக்கில் கிடந்தவர்கள் 10 விழுக்காடுதான், ஆனால் மொத்தப் படுக்கை நாட்களில் பாதி அவர்களுடையது. அதனால்தான் எப்போது போனாலும் அதே முகம் கண்ணில் படுகிறது, இரண்டு வாரம் படுத்துவிட்டுப் போனவரை நாம் கவனித்திருக்கவே மாட்டோம். அமெரிக்கக் கணக்கு நம் ஊருக்கு அப்படியே ஒட்டாது, சரி. கண் ஏமாறும் விதம் மட்டும் எங்கேயும் ஒன்றுதான்.

அதனால் "எத்தன வருஷமா இப்படி?" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஐயா, போன வாரம் எங்க படுத்தீங்க, அதுக்கு முந்தி?" என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் தோட்டத்து லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்தேன், மகன் வீட்டில் மூன்று மாதம், அப்புறம் மச்சான் வீட்டு ஹாலில் என்று கதை வரும். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே முடிச்சு, ஒன்று போனால் மற்றதும் போகும். அந்த ஹாலில் கழிந்த நாட்களையும் வீடில்லாத நாட்களாகவே கணக்கில் சேருங்கள்.

அடுத்து ஐசி (அடையாள அட்டை) இருக்கிறதா என்று பாருங்கள், தொலைந்திருந்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும், அது இல்லாமல் வங்கியும் நகராது, உதவித்தொகையும் நகராது. 55 வயது தாண்டியவர் என்றால் ஊழியர் சேமநிதியில் அவர் பேரில் ஏதாவது கிடக்கிறதா என்று விசாரியுங்கள், பழைய தோட்டத் தொழிலாளிக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான 15999 எண்ணுக்கு அழைக்கலாம், ஆனால் அவரிடம் சொல்லிவிட்டு அழையுங்கள். 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தின்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் ஒருவரை மூன்று ஆண்டு வரை காப்பகத்தில் வைக்கலாம். பத்து நாள் சிக்கலில் இருப்பவருக்கு அது ரொம்பப் பெரிய மருந்து.

ஒரு வாரத்தில் அந்த இடம் காலியாகிவிட்டால் எங்கோ ஓடிவிட்டார் என்று முடித்துவிடாதீர்கள், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கேளுங்கள். திரும்பவும் மச்சான் வீட்டு ஹால்தான் என்றால் ஐசி வேலையைத் தொடருங்கள்.