ஆதித்த கரிகாலன் கொலை: உடையார்குடிக் கல்வெட்டை வாசிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுந்தர சோழரின் மூத்த மகனும் முதலாம் இராசராசனின் தமையனுமான ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்று தேடப் புறப்படும் எவரும் ஒரு கல்வெட்டின்முன் வந்து நின்றாக வேண்டும். அவனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களைச் சொல்லும் அது காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. 1920இல் படியெடுக்கப்பட்டுப் பின்னர் வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியாரால் விரிவாக ஆராயப்பட்ட அந்தக் கல்வெட்டை, பார்க்காமலே மேற்கோள் காட்டுவோர் இன்று பெருகிவிட்டனர். அதனால் சில தவறுகள் உண்மைகளைப் போலவே வலம்வருகின்றன.

அவற்றுள் மிகப் பரவலானது, நாவலையும் கல்வெட்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இக்கொலையைத் தமிழர் நினைவில் நிலைநிறுத்தியது. அதற்கு நாம் நன்றியுடையவர்களே. ஆனால் நந்தினி கற்பனைப் பாத்திரம். கொலை கடம்பூர் மாளிகையில் நடந்தது என்பதும் கதைக்காக அமைக்கப்பட்ட களமே. கொலை எங்கே, எந்த ஆயுதத்தால், பகலிலா இரவிலா நடந்தது என்று உடையார்குடிக் கல்வெட்டு ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாவலின் இரவிதாசன், ஆதித்தன் கொன்ற பாண்டிய மன்னன் வீரபாண்டியனுக்காகப் பழிவாங்கச் சூளுரைத்தவன். கல்வெட்டின் இரவிதாசனோ 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்ற பட்டம் தாங்கியவன்; அவன் தம்பி பரமேசுவரனுக்கு 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்' என்று பட்டம். பிரமாதிராஜன் என்பது அரசப்பணியில் உயர்ந்த நிலையிலிருந்த அந்தணர்க்குச் சோழ மன்னர் அளித்த சிறப்புப் பெயர். அதாவது, துரோகிகள் என்று பெயர் குறிக்கப்பட்டோரில் இருவரேனும் சோழ அரசின் உள்வட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

இங்கே எதிர்த்திசையிலும் ஒரு சறுக்கல் நேர்கிறது. பஞ்சவன் என்றால் பாண்டியன். ஆகவே இரவிதாசன் பாண்டியரின் ஆள் என்று பட்டப்பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டுகிறார்கள். பாண்டியரை வென்ற பெருமிதத்தில் சோழர் தம்மைச் சேர்ந்தவர்களுக்கே அச்சொல்லைச் சூட்டினர் என்பதற்கு இராசராசனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன் மாதேவியின் பெயரே போதிய சான்று. வீரபாண்டியனின் தலைகொண்டவன் என்று தன்னை அழைத்துக்கொண்ட இளவரசன்மீது பாண்டிய நாட்டார் பகை கொண்டிருக்க வாய்ப்புண்டு, மறுக்கவில்லை. அது ஊகமாக நிற்கட்டும். பட்டப்பெயரைக் கொண்டு அதை மெய்ப்பிக்க முடியாது.

அடுத்தது காலக் கணக்கு. பல பிழைகளுக்கு இதுவே வேர் என்பதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். கல்வெட்டு கோஇராசகேசரிவர்மரின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது. அரசனின் இயற்பெயர் அதில் இல்லை. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிப் புனைந்தனர். சுந்தர சோழரும் இராசகேசரியே. ஆனால் அவருடைய இரண்டாம் ஆண்டு ஏறத்தாழ 958. அப்போது ஆதித்தன் பாண்டியனை வென்றிருக்கவில்லை, கொல்லப்பட்டிருக்கவும் இல்லை. அவருக்குப் பின் ஆண்ட உத்தம சோழர் பரகேசரி. எனவே 985இல் அரியணை ஏறிய இராசராசனே இந்த இராசகேசரி ஆகிறான். கல்வெட்டின் காலம் 986 அல்லது 987. கொலை 970ஐ ஒட்டி நடந்தது என்று கொண்டால், இடையில் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள்.

இந்தப் பதினாறு ஆண்டு இடைவெளியே உத்தம சோழர்மீது குற்றச்சாட்டாகத் திருப்பப்பட்டிருக்கிறது. தம் ஆட்சிக்காலம் முழுவதும் அவர் கொலையாளிகளைத் தண்டிக்காமல் காத்தார். ஆகவே அவருக்கும் பங்குண்டு என்பது வாதம். நீலகண்ட சாஸ்திரியாருக்கே இந்த ஐயம் இருந்தது. சோழர் வரலாறு எழுதிய சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். நான் பண்டாரத்தார் பக்கம் சாய்கிறேன். அதற்குக் காரணம் உத்தம சோழர்மீதுள்ள பரிவு அன்று, கல்வெட்டின் தன்மை. அது ஒரு வழக்கின் தீர்ப்பு அன்று. அந்தணர் ஊரான வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசன் விடுத்த ஆணையை மேற்கோளாகக் கொண்டு, துரோகிகளின் உறவினரிடமிருந்து பறிபோன நிலத்தை வியாழ கஜமல்லன் என்பவன் விலைக்கு வாங்கி அறத்துக்கு அளித்ததைப் பதிவு செய்யும் சொத்து ஆவணம் அது. நிலம் கைமாறியதால்தான் கல்லில் ஏறியது. ஏறியதால்தான் நமக்குக் கிடைத்தது. கொலையாளிகள் எப்போது பிடிபட்டனர், உயிரோடு விடப்பட்டனரா, நாடு கடத்தப்பட்டனரா, ஏற்கெனவே இறந்துவிட்டனரா என்பன கோயில் சுவரில் வெட்டப்படும் செய்திகள் அல்ல. அதற்கு முந்தைய ஆண்டுகளின் கல்வெட்டு கிடைக்காததை, அந்த ஆண்டுகளில் எதுவும் நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்வது எப்படிப் பொருந்தும்? அந்தணர் என்பதால் இராசராசன் அவர்களை உயிரோடு விட்டான் என்று உறுதியாகப் பேசுவோரும் இதே மௌனத்தைத்தான் தமக்கு வேண்டியபடி நிரப்பிக்கொள்கிறார்கள்.

உத்தம சோழருக்கு எதிராகக் காட்டப்படும் மற்றொரு சான்று திருவாலங்காட்டுச் செப்பேடு. ஆதித்தன் விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் மறைந்தான் என்றும், குடிமக்கள் வேண்டியும் அருண்மொழிவர்மன் (இராசராசன்) தன் சிற்றப்பனான உத்தம சோழருக்கு நாட்டின்மீது ஆசை இருக்கும்வரை அரசை மனத்தாலும் விரும்பவில்லை என்றும் அதன் வடமொழிப் பகுதி கூறுகிறது. அந்த 'ஆசை' என்ற சொல்லிலிருந்து கொலைச் சதி வரை தாவிவிடுகிறார்கள். செப்பேடு இராசராசனின் மகன் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டுக்குரியது. நிகழ்வுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிந்தியது. அவன் தந்தையின் பெருந்தன்மையைப் போற்றவே அவைப்புலவர் அந்தச் சுலோகத்தைப் புனைந்தார். சுந்தர சோழரின் பெரியப்பாவான கண்டராதித்தரின் மகன் உத்தம சோழருக்கு அரியணையில் மூத்த கிளையின் உரிமை இருந்தது. அதை அவர் விரும்பியதில் வியப்பில்லை, கொலைக்கு அது சான்றும் இல்லை.

உத்தம சோழரைக் காக்க முனைவோரும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும். அவருடைய அன்னை செம்பியன் மாதேவியார் இராசராசன் காலத்திலும் மதிப்போடு வாழ்ந்தார். மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசனின் ஆட்சியில் உயர் பணியாற்றினான். தன் மகன் இராசேந்திரனுக்கு இராசராசன் இட்ட இயற்பெயரும் உத்தம சோழரின் பெயரான மதுராந்தகன் என்பதே. இவை கனமான குறிப்புகள். இரு குடும்பங்களுக்குமிடையே தீராப் பகை இருந்தது என்ற எண்ணத்தை இவை பெரிதும் தளர்த்துகின்றன. ஆயினும் ஒருவரை நிரபராதி என்று அறிவிக்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை.

கொலையால் பயன் பெற்றவர் யார் என்று கேட்டு இராசராசனையும் குந்தவையையும் கூண்டில் ஏற்றும் போக்கும் அண்மையில் வளர்ந்திருக்கிறது. அதற்கு ஒரு வரிச் சான்றுகூட எந்தக் கல்லிலும் காட்டப்படவில்லை. இளவரசன் இறந்ததும் முடிசூடியவர் இராசராசனும் அல்லர்.

கடைசியாக, கல்வெட்டில் வரும் பெயர்கள் எல்லாவற்றையும் கொலையாளிகளின் பட்டியலில் சேர்த்துவிடுவது. துரோகிகள் என்று குறிக்கப்படுவோர் சோமன், இரவிதாசன், பரமேசுவரன், மலையனூரான் ஆகியோரே. அரச ஆணையோ அவர்களுடைய மக்கள், மனைவியர், தாய்மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், பெண்மக்களை மணந்தவர்கள் எனச் சுற்றம் முழுவதன் உடைமைகளையும் விற்கச் சொல்கிறது. கஜமல்லன் வாங்கிய நிலம் ரேவதாசக் கிரமவித்தன், அவன் மகன், அவன் தாய் ஆகியோருக்கு உரியதாய் இருந்தது. அந்தத் தாய் கொலையைப் பற்றி முன்பே அறிந்திருந்தாள் என்று கல்வெட்டு எங்கும் சொல்லவில்லை. அவளுடைய நிலம் போயிற்று என்று மட்டுமே சொல்கிறது.