கீர்த்தனைகளின் ஸ்வரக் குறிப்பைத் தேடுவதும் எழுதுவதும் பாதுகாப்பதும்

கர்நாடக இசையில் ஒரு கீர்த்தனையின் ஸ்வரக் குறிப்பு என்பது ஒரு குறிப்பிட்ட பாடாந்தரத்தின், அதாவது ஒரு பரம்பரையில் பாடப்படும் முறையின், எழுத்து வடிவம். அதே பல்லவி வேறொரு குரு பரம்பரையில் வேறு சங்கதிகளோடும் (ஒரே வரியைப் பாடும் மாறுபட்ட வடிவங்கள்), சில சமயம் வேறு எடுப்போடும் (தாளத்தில் பாடல் தொடங்கும் இடம்) பாடப்படும். ஆகவே குறிப்பு எந்த நூலிலிருந்து அல்லது யாருடைய பாட்டிலிருந்து வந்தது என்ற விவரத்தை அதன் தலைப்பிலேயே எழுதும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ள வேண்டும்.

தேடலை அச்சு நூல்களிலிருந்து தொடங்குவதே நல்லது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளுக்கு, சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினிக்கு இணையான ஆதாரம் இல்லை. சென்னை மியூசிக் அகாடமி அதைப் பின்னர் தமிழ் எழுத்தில் பல பகுதிகளாக வெளியிட்டது. அந்நூல் மேளங்களின், அதாவது பிற ராகங்கள் பிறக்கும் தாய் ராகங்களின், எண் வரிசையில் அமைந்தது. ஆனால் மேளங்களின் பெயர்கள் இன்று வழங்குபவை அல்ல. எட்டாவது மேளம் அங்கே ஜனதோடி, 29ஆவது தீரசங்கராபரணம், 65ஆவது சாந்தகல்யாணி. 22ஆவது மேளத்தில் கரகரப்பிரியாவைத் தேடுபவருக்கு ஸ்ரீராகமே கிடைக்கும். ஆகவே ராகப் பெயரைக் கொண்டு தேடாமல் மேள எண்ணைக் கொண்டு தேடுவது சுலபம்.

தமிழ் எழுத்தில் பரந்த தொகுப்பு வேண்டுபவர்கள், வீணை தனம்மாளிடம் பயின்ற ரங்கராமானுஜ அய்யங்கார் தொகுத்த கிருதிமணிமாலையைப் பார்க்கலாம். தமிழ்ப் பாடல்களுக்கு, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1940களில் ஸ்வரத்துடன் வெளியிட்ட நூல் வரிசை பயன்படும். ஐந்து கோட்டு மேற்கத்திய முறையில் படித்துப் பழகிய வயலின், பியானோ மாணவர்களுக்கு, சின்னசாமி முதலியார் 1890களில் கீர்த்தனைகளை அந்த முறையில் எழுதி அச்சிட்ட நூல் இன்றும் ஒரு பொக்கிஷம். பழைய நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் கிடைக்கின்றன. அங்கே தேடும்போது சங்கீதம், ஸங்கீதம், கீர்த்தனை, கீர்த்தனம் என்று எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேட வேண்டும். இணையத்தில் கிடைக்காதவற்றுக்குச் சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் மியூசிக் அகாடமியின் நூலகத்தையும் அணுகலாம்.

உரிமை பற்றியும் ஒரு சொல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் காலமான பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோரின் பாடல்களுக்குத் தடையில்லை. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு அது 2033 இறுதி வரை உண்டு. பாடல் பழையதாயினும், அண்மைக் காலப் பதிப்பாசிரியர் எழுதிய குறிப்புக்குத் தனி உரிமை இருக்கக்கூடும். எனவே சொந்தப் பயிற்சிக்குக் கையால் எழுதிக்கொள்வதோடு நின்று, நூலைப் படமெடுத்துக் குழுக்களில் பரப்புவதைத் தவிர்க்க வேண்டும்.

நூலில் இல்லாத பாடாந்தரத்தை நாமே எழுதத்தான் வேண்டும். தாளத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, ஒலிப்பதிவை யூடியூபிலேயே பாதி வேகத்தில் ஓடவிட்டு, கையில் தாளம் போட்டபடி சாஹித்யத்தை (பாடல் வரிகளை) மட்டும் தாளத்தின் எண்ணிக்கைகளான அட்சரங்களின் கீழ் நிரப்புங்கள். சாஹித்யம் இடம் பிடித்த பிறகே ஸ்வரத்துக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் எழுத முயன்றால் பெரும்பாலும் தாளம் நழுவிவிடும். குறில் ஸ்வரத்துக்கு ஓர் அலகு (கால அளவின் சிறு கூறு), நெடிலுக்கு இரண்டு; நீட்டிப்புக்கு ஒரு காற்புள்ளி ஓர் அலகு, அரைப்புள்ளி இரண்டு. தாளத்தின் அங்கம் (உட்பிரிவு) முடியும் இடத்தில் ஒற்றைக் கோடு, ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முடியும் இடத்தில் இரட்டைக் கோடு. எல்லோரும் கற்றிருக்கும் மலஹரி கீதத்தின் முதல் ஆவர்த்தனத்தை ரூபக தாளத்தில் இப்படி எழுதுகிறோம்:

ம ப | த ஸ ஸ ரி ||

இதில் இரண்டு ஸட்ஜமும் ரிஷபமும் மேல் ஸ்தாயியைச் சேர்ந்தவை. அவற்றின் தலையில் புள்ளி வர வேண்டும். கையால் எழுதும்போது இதில் சிக்கல் இல்லை. கணினியில் தட்டச்சு செய்யும்போது ஸகரத்தின் மேல் வைக்கும் புள்ளி மெய்யெழுத்துப் புள்ளியைப் போலவே தெரியும். இகரத்தோடு வரும் ரி, நி மீது பல எழுத்துருக்களில் புள்ளி சரியாக உட்காராது. மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்குச் சிவப்பு நிறமும் மந்திர ஸ்தாயிக்கு அடிக்கோடும் என்று வைத்துக்கொள்வது எளிய தீர்வு. கறுப்பு வெள்ளையில் அச்சிடுபவர்கள் சிவப்புக்குப் பதிலாகத் தடித்த எழுத்தைப் பயன்படுத்தலாம்.

ரி1, ரி2 என்று ஸ்வர பேதத்தை வரிக்கு வரி எழுத வேண்டியதில்லை. ஆரோகண அவரோகணத்தை (ராகத்தின் ஏறு, இறங்கு வரிசையை) தலைப்பில் ஒருமுறை எண்களோடு கொடுத்துவிட்டு, அதில் இல்லாத அந்நிய ஸ்வரம் வரும் இடத்தில் மட்டும் குறித்தால் போதும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தெலுங்கு, சமஸ்கிருத சாஹித்யத்தைத் தமிழில் எழுதும்போது க, ச, ட, த, ப எழுத்துகளின் வேறுபாட்டைக் காட்டவும் 2, 3, 4 என்ற எண்களையே இடுகிறோம். இரண்டு வகை எண்களும் ஒரே பக்கத்தில் கலந்தால் படிப்பவர் தடுமாறுவார்.

கணினியில் எழுத எக்செல் போன்ற விரிதாள் மிகப் பொருத்தமானது. எட்டு அட்சரமும் ஒவ்வொன்றுக்கும் நான்கு அலகும் கொண்ட ஒரு களை ஆதி தாளத்துக்கு ஒரு வரிசையில் 32 குறுகிய கட்டங்களை அமைத்து, 16, 24, 32ஆம் கட்டங்களின் வலப்புறத்தில் தடித்த கோடு இடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் அலகு, மேல் வரிசையில் ஸ்வரம், கீழ் வரிசையில் சாஹித்யம். மிச்ர சாபு தாளத்துக்கு 14 கட்டங்கள், ஆறாவது கட்டத்தின் பின் கோடு. பாடல் அரை இட எடுப்பானால் (தாளம் தொடங்கி அரை அட்சரம் கழித்துத் தொடங்கினால்) முதல் இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டு மூன்றாவதில் தொடங்க வேண்டும். அந்த வரி அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் இரண்டு கட்டங்களுக்குள் வழிந்து முடியும். எடுப்பைத் தாளத்தின் தொடக்கமான சமத்துக்குத் தள்ளி எழுதும் சுருக்குவழியை மட்டும் யாரும் கையாளக் கூடாது; அப்படி எழுதினால் சொற்கள் தாளத்தில் விழும் இடங்கள் மாறி, தாளமே தவறாக மனத்தில் பதிந்துவிடும்.

சங்கதிகளுக்கு எண் கொடுத்து ஒவ்வொன்றையும் முழு வரியாக எழுதுங்கள். கமகங்களுக்கு (ஸ்வரங்களின் அசைவுகளுக்கு) சம்பிரதாய பிரதர்சினியின் அடையாளங்களில் சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம்: கம்பிதம் என்னும் அசைப்புக்கு நெளிகோடு, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்கோடுகள். எல்லா ஸ்வரத்துக்கும் அடையாளம் இட்டால் பக்கம் படிக்க முடியாததாகிவிடும். ராகத்தின் இயல்பிலேயே வரும் அசைவை விட்டுவிட்டு, எதிர்பாராத இடத்தில் வரும் பிடிகளுக்கு மட்டும் இடுவதே என் பரிந்துரை. எழுதி முடித்ததும் அந்தப் பாடலை அறியாத ஒருவரிடம் கொடுத்து, தாளம் போட்டபடி ஸ்வரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் பெரும்பாலும் ஓர் அலகு குறைந்தோ கூடியோ இருக்கும்.

சேர்ந்த குறிப்புகளை அடுக்குவதற்கு மேள எண்ணே முதல் திறவுகோலாக இருக்கட்டும். 15-மலஹரி, 28-மோகனம் என்று கோப்புப் பெயரைத் தொடங்கினால், எழுத்துக்கூட்டல் எப்படி மாறினாலும் வரிசை கலையாது. அதன் பின் பல்லவியின் முதல் இரண்டு சொற்கள், தாளம், இயற்றியவர், பாடாந்தரம் ஆகியவை வரட்டும். இதே விவரங்களோடு ஒரு தனி அட்டவணையும் தேவை. அதில் நூலின் பெயர், பக்க எண், கற்ற ஆண்டு, பாடும் கட்டை (சுருதி) ஆகியவற்றையும் சேர்த்துவிட்டால், கச்சேரிப் பட்டியல் தயாரிக்கும்போது ஒரே தாளத்தில் அடுத்தடுத்துப் பாடல்கள் வருவதை உடனே கண்டு மாற்றலாம். நூலில் உள்ளதைத் திருத்த நேர்ந்தால் மூலத்தை அழிக்காமல் அருகில் வேறு மையில் எழுதித் தேதியிடுங்கள்.

குருவோ வீட்டுப் பெரியவர்களோ எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்கள் கிடைத்தால், முதல் வேலையாக 300 டிபிஐ அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்துவிட வேண்டும். மை மங்கிய வரிகளும் பென்சில் திருத்தங்களும் கறுப்பு வெள்ளையில் காணாமல் போகும். உதிரும் தாள்களை ஒட்டு நாடாவால் ஒட்டாமல் அமிலமற்ற காகித உறையில் வைத்து, ஸ்கேன் கோப்பின் ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியே வேறோர் இடத்திலும் வைத்திருங்கள்.