வீடியோ ஓடியது, பூண்டு நகரவில்லை

பூம்பாறையில் மலைப்பூண்டு விற்கிறேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கொடைக்கானல் பூண்டு. படிக்கட்டு வயல், பனிமூட்டம், புகையில் தொங்கும் பூண்டுக்கட்டு என்று யூடியூப் ஷார்ட்ஸாகப் போட்டுத் தள்ளினேன். லைக் குவிந்தது. ஆர்டர்? ம்ஹூம். வாட்ஸ்அப்பில் மட்டும் ஓயாமல், "கிலோ என்ன விலைண்ணா? மதுரைக்கு அனுப்புவீங்களா?"

வீடியோவில்தான் சொல்லியிருக்கிறேனே! ஆனால் பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறவருக்கு அது எங்கே கேட்கும்? சரி என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து விலை, கூரியர் செலவு, எத்தனை நாளில் வரும், எப்படிக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று எழுதி, முதல் கமெண்டாக மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்தேன். ஷார்ட்ஸ் கமெண்டில் லிங்க்கைத் தட்டினால் திறக்காது, அதனால் முழு விவரமும் அங்கேயே. தலைப்பையும் மாற்றினேன்: 'மலையின் மணம்' போய், 'கொடைக்கானல் மலைப்பூண்டு விலை'.

வீடியோ போடுவதை நிறுத்தவில்லை. பூண்டுப் பல்லின் பருமனை எழுத்தில் காட்ட முடியுமா?

நேற்று வந்த முதல் மெசேஜ்: "ரெண்டு கிலோண்ணா, அட்ரஸ் கீழே."