இருமல் வரவில்லை என்று நம்பி ஏமாறாதீர்கள்: விழுங்கும் சிரமத்தில் நடக்கும் தவறுகள்

பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு குழறுகிறதே என்று ஸ்பீச் தெரபிஸ்டைக் கூப்பிட்டால், அவர் பேச்சை விட்டுவிட்டு முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீரைக் கொடுத்துத் தொண்டையில் விரல் வைத்துப் பார்ப்பார். வீட்டாருக்கு இது புரியாது. நாக்கு, உதடு, அண்ணம், குரல்வளை என்று பேசுவதற்குத் தேவைப்படும் உறுப்புகள்தான் விழுங்கவும் தேவை. அதனால் இதுவும் அவருடைய வேலைதான். நோயாளி பசியோடு இருக்கிறாரே என்று, தெரபிஸ்ட் பார்ப்பதற்கு முன்பே வாயில் எதையாவது ஊட்டிவிடுவதில்தான் பல சிக்கல்கள் தொடங்குகின்றன.

இருக்கிற தவறுகளிலேயே பெரியது, "இருமவே இல்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறார்" என்று முடிவுகட்டுவது. விழுங்கும் நொடியில் மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலே எழும்புகிறது, குரல் நாண்கள் மூடிக்கொள்கின்றன. இதில் நேரம் சற்றே தவறினாலும் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நமக்கென்றால் உடனே புரை ஏறி இருமல் வரும். ஆனால் பக்கவாதம், பார்க்கின்சன் போன்ற நோய்களில் தொண்டையின் உணர்வு மழுங்கியிருக்கலாம். அப்போது தண்ணீர் நுரையீரல் வரை போனாலும் ஓர் இருமல்கூட வராது. சில நாட்கள் கழித்து காய்ச்சலும் நிமோனியாவும் வரும்போது யாருக்கும் சாப்பாட்டின் மேல் சந்தேகம் வருவதில்லை.

அப்படியானால் எதைக் கவனிப்பது? விழுங்கியதும் "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் ஈரமாக, தொண்டையில் தண்ணீர் தேங்கி நிற்பது போல் களகளவென்று கேட்டால் அது எச்சரிக்கை. சாப்பிடும்போது மூச்சு வாங்குவது, கண்ணில் நீர் வடிவது, முன்பு சீக்கிரம் முடிந்த சாப்பாடு இப்போது இழுத்துக்கொண்டே போவது, எடை குறைவது, காரணமில்லாமல் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வருவது, இவையும் அப்படித்தான். ஆனால் குரல் தெளிவாக இருப்பதால் மட்டும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. எவ்வளவு அனுபவசாலி தெரபிஸ்டாக இருந்தாலும் வெளியிலிருந்து பார்த்துத் தொண்டைக்குள் நடப்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுக்கிறார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்க்கிறார்கள். எழுதிக்கொடுத்தால் தட்டிக்கழிக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். திட உணவுக்குப் பயந்து, "தண்ணீர்தானே, என்ன ஆகப்போகிறது" என்று டம்ளரைச் சாய்ப்பார்கள். உண்மையில் பலருக்குத் தண்ணீர்தான் கஷ்டம். தொண்டை மூடுவதற்கு முன்பே அது ஓடிவிடுகிறது. ஐஸ்கிரீமும் வாய்க்குள் போனதும் தண்ணீராகிவிடும். துண்டுகள் மிதக்கும் சூப்பும், தண்ணீரோடு மாத்திரையும் இன்னும் சிரமம், ஒரே வாயில் இரண்டு விதமான பொருள். அதற்காக எல்லா மாத்திரையையும் பொடித்துவிடவும் கூடாது. மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் மாத்திரையைப் பொடித்தால் மொத்த அளவும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். மருந்தாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சரி, தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடர் இருக்கிறதே என்றால், அதிலும் கண்ணளவு வேலைக்கு ஆகாது. இதற்கென்று 0 முதல் 7 வரை சர்வதேச அளவுகோல் உண்டு. பானங்களைச் சோதிக்க 10 மில்லி சிரிஞ்சே போதும்; அளவுகோலில் சொல்லப்பட்ட நீளமுள்ள சிரிஞ்சாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 10 மில்லி நிரப்பி, 10 விநாடி ஒழுகவிட்டு, மீதியைப் பாருங்கள். 1 முதல் 4 மில்லி நின்றால் அது நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2. "இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் இன்னும் பாதுகாப்பு" என்று பவுடரை அள்ளிப் போடுவதும் தவறு. பிடித்துத் தள்ள வலுவில்லாத தொண்டையில் அது அப்படியே தங்கிவிடும். ருசி பிடிக்காமல் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்களும் உண்டு, அதனால் சிறுநீரின் நிறத்தில் ஒரு கண் இருக்கட்டும்.

ஊட்டும் கையையும் சொல்ல வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் சாப்பிடுபவர் தலையை அண்ணாந்துதான் வாங்க வேண்டும், அந்த நிலையில் மூச்சுக்குழாயின் வாசல் நன்றாகத் திறந்துகொள்கிறது. எதிரே, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். முந்தைய வாய் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஸ்பூன். சாப்பிட்டதும் படுக்க வைக்காமல் அரை மணி நேரமாவது உட்கார வையுங்கள்.

"தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு விழுங்கு" என்ற யோசனை வாய்வழியாகப் பரவிக்கொண்டிருக்கிறது. சிலருக்கு அது நல்ல பலன் தரும், சிலருக்குத் தொண்டையில் தேங்கியதை மூச்சுக்குழாய்ப் பக்கமே தள்ளிவிடும். இன்னொருவருக்குத் தலையைப் பலவீனமான பக்கம் திருப்புவதுதான் சரியாக இருக்கும். பக்கத்துப் படுக்கைக்காரரின் பயிற்சியைக் கடன் வாங்காதீர்கள்.

உணவுக்கு மூக்குவழிக் குழாய் போட்டாயிற்று, இனி பயமில்லை என்பதும் தப்புக்கணக்கு. எச்சில் உள்ளே போகத்தான் செய்யும், வாய் அழுக்காக இருந்தால் கிருமியோடு போகும். வாயால் சாப்பிடாதவருக்கும் பல், நாக்குச் சுத்தம் தினமும் வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் அவசரம்தான் முதல் எதிரி. பால் மெதுவாக இறங்குகிறது என்று நிப்பிளின் ஓட்டையைப் பெரிதாக்குவார்கள். உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடும் வரிசை குறைமாதக் குழந்தைக்கு இன்னும் கைகூடியிருக்காது, வெள்ளமாக வரும் பாலில் அது திணறும். நெற்றி வியர்ப்பதும், மூக்குத் துவாரம் விரிவதும், விரல்களைப் பரப்புவதும் "கொஞ்சம் நிறுத்து" என்பதற்கான அடையாளங்கள். அழும் குழந்தையின் வாயில் ஸ்பூனைத் திணிப்பது இன்னும் மோசம். அழுகைக்கு நடுவே அது மூச்சை இழுக்கும்போது உணவும் சேர்ந்தே போகும். அப்புறம், பயந்துபோன குழந்தை ஸ்பூனைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும்.

முதல் நாள் எழுதித் தந்த குறிப்பை மாதக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பவர்களும் நிறைய. பக்கவாதத்தில் விழுங்கும் திறன் மீண்டு வரலாம், அப்போது கெட்டித் தண்ணீர் வீண் தண்டனை. பார்க்கின்சனில் நாளாக ஆகக் குறையலாம், அப்போது பழைய குறிப்பே ஆபத்து. அடுத்த முறை தெரபிஸ்டிடம் போகும்போது எடைக் கணக்கோடு, நோயாளி வீட்டில் வழக்கம்போல் சாப்பிடுவதை முழுதாக ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியில் எல்லோருமே ஒழுங்காக உட்கார்ந்துதான் சாப்பிட்டுக் காட்டுவார்கள்.