சோலாருடன் பேட்டரி சேர்க்கும்போது நடக்கும் தவறுகள்

கூரை நிறையச் சோலார் தகடுகள். உச்சி வெயில். திடீரென மின்தடை. மின்விசிறி நிற்கிறது, குளிர்பதனப் பெட்டி நிற்கிறது, சோலார் இன்வெர்ட்டரும் கூடவே அணைகிறது. முதல் தடவை இதைப் பார்ப்பவர்கள், தங்களை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைக்கிறார்கள்.

மின்தொகுப்புடன் (மின் நிறுவனத்தின் பொது மின்கம்பி வலையமைப்பு) இணைந்து ஓடும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர், தொகுப்பிலிருந்து வரும் மின்னழுத்தத்தையும் அலைவெண்ணையும் பார்த்துத்தான் தன் மின்சாரத்தை அதில் சேர்க்கிறது. தொகுப்பில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிட வேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட கட்டளை. கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் கை வைக்கிறார். அந்த நேரத்தில் நம் கூரையிலிருந்து மின்சாரம் போனால் அவர் உயிருக்கு ஆபத்து. ஐ.இ.இ.இ. என்ற மின்பொறியாளர் அமைப்பின் 1547 தரநிலை, இன்வெர்ட்டர் 2 வினாடிக்குள் விலகிவிட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

சரி, ஒரு பேட்டரியை வாங்கி மாட்டிவிட்டால் இந்தக் குறை தீர்ந்துவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மிகப் பரவலான தவறும் இதுவே. மின்தடையில் வீடு ஓட வேண்டுமானால் பேட்டரி மட்டும் போதாது. வீட்டைத் தொகுப்பிலிருந்து துண்டிக்கும் ஒரு சுவிட்ச் வேண்டும். துண்டித்த பிறகு, யாரையும் பின்பற்றாமல் தானே மின்னழுத்தத்தை உருவாக்கித் தரும் இன்வெர்ட்டரும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத பேட்டரி அமைப்புகள் சந்தையில் இருக்கின்றன. அவை மாலைநேரக் கட்டணத்தைக் குறைக்க மட்டுமே பயன்படும். மின்தடை வந்தால் பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தும் வீடு இருட்டில்தான் இருக்கும்.

எனவே விலையைக் கேட்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மின்தடையில் இது ஓடுமா? வீட்டின் எந்தெந்த இணைப்புகள் ஓடும்? ஒரே நேரத்தில் எத்தனை வாட் வரை தாங்கும்? மின்தடை நீடித்தால், பகலில் சோலார் தகடுகள் பேட்டரியைத் தொடர்ந்து நிரப்புமா? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. அதில்தான் விஷயமே இருக்கிறது.

பழைய இன்வெர்ட்டரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா

ஏற்கெனவே சோலார் இருக்கும் வீட்டில் பேட்டரியைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. பழைய இன்வெர்ட்டரை எடுத்துவிட்டு, தகடுகளையும் பேட்டரியையும் சேர்த்துக் கையாளும் ஹைபிரிட் இன்வெர்ட்டரைப் பொருத்துவது ஒன்று. பழையதை அப்படியே விட்டுவிட்டு, பேட்டரிக்கென்று தனி இன்வெர்ட்டரை மாறுதிசை (ஏ.சி.) மின்சாரப் பக்கத்தில் இணைப்பது மற்றொன்று. இரண்டாவது வழியில் தகட்டிலிருந்து வரும் நேர்திசை (டி.சி.) மின்சாரம் மாறுதிசையாகி, மறுபடி நேர்திசையாகிப் பேட்டரிக்குள் போய், மறுபடி மாறுதிசையாகி வெளியே வருகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் இழப்பு. ஆனால் பழைய இன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருந்து, உத்தரவாதக் காலமும் மீதி இருந்தால், அந்த இழப்புக்காக மட்டும் அதைக் கழற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. மின்தடையின்போது பேட்டரி இன்வெர்ட்டர் வீட்டுக்குள் ஒரு சிறிய மின்தொகுப்பை உருவாக்குகிறது. பழைய சோலார் இன்வெர்ட்டர் அதை உண்மையான தொகுப்பு என்று எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கும். இது நடக்க, சோலார் இன்வெர்ட்டர், மின்தடையில் பேட்டரியிலிருந்து காப்பு (பேக்கப்) மின்சாரம் வரும் பக்கத்தில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். மெயின் சுவிட்சுக்கு அருகே, தொகுப்பின் பக்கத்திலேயே விட்டுவிட்டால் மின்தடை முழுவதும் தகடுகள் சும்மா கிடக்கும். இரவில் தீர்ந்த பேட்டரி மறுநாள் பகலிலும் நிரம்பாது.

சரியான பக்கத்தில் இணைத்த பின்னும் ஒரு சிக்கல் உண்டு. மதியம் பேட்டரி நிரம்பிவிட்டது, வீட்டில் செலவு குறைவு, தொகுப்பும் இல்லை. மிஞ்சும் மின்சாரம் எங்கே போகும்? பேட்டரி இன்வெர்ட்டர் வீட்டுக்குள்ளிருக்கும் அலைவெண்ணை 50 ஹெர்ட்ஸிலிருந்து (சில நாடுகளில் 60) சற்று மேலே உயர்த்தும். அந்தக் குறிப்பைப் புரிந்துகொண்டு சோலார் இன்வெர்ட்டர் தன் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பழைய இன்வெர்ட்டர்கள் சிலவற்றுக்குப் படிப்படியாகக் குறைக்கத் தெரியாது. ஒரேயடியாக நின்றுவிடும், சில நிமிடங்கள் கழித்து ஓடும், மறுபடி நிற்கும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதைப் பேட்டரி வாங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சோலார் இன்வெர்ட்டரின் திறன் பேட்டரி இன்வெர்ட்டரின் திறனைவிடப் பெரிதாக இருந்தாலும் சிக்கல்தான். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய சாதனத்தைத் திடீரென நிறுத்தும்போது, உபரி மின்சாரம் முழுவதையும் அந்தக் கணத்தில் பேட்டரி இன்வெர்ட்டர்தான் விழுங்கியாக வேண்டும்.

எதற்காகப் பேட்டரி என்று முடிவு செய்யாமல் வாங்குவது

மின்தடைக்காகவா, கட்டணத்தைக் குறைக்கவா? இரண்டுக்கும்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுக்கும். கட்டணத்தைக் குறைக்க, மாலையிலிருந்தே பேட்டரியைச் செலவழித்து விடிவதற்குள் காலியாக்க வேண்டும். மின்தடைக்கோ அது எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். கட்டணச் சேமிப்பு முறையில் விட்ட பேட்டரி, அதிகாலை மின்தடையில் கைவிட்டுவிடும். இன்வெர்ட்டரின் அமைப்பில் ‘குறைந்தபட்ச இருப்பு’ என்று ஒரு எண் இருக்கும். உங்கள் பகுதியில் மின்தடை எத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்பதைப் பார்த்து அந்த எண்ணை நீங்களே முடிவு செய்யுங்கள். பொருத்த வந்தவர் வைத்துவிட்டுப் போன எண்ணிலேயே வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

கட்டணத்துக்காக மட்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது மின் நிறுவனத்துடனான உங்கள் ஒப்பந்தத்தை. பகலில் நீங்கள் கொடுக்கும் ஒரு யூனிட்டுக்கு இரவில் ஒரு யூனிட்டை அப்படியே கழித்துக்கொள்ளும் நெட் மீட்டர் முறை உங்களுக்கு இருந்தால், மின்தொகுப்பே தேய்மானமில்லாத பேட்டரியாக வேலை செய்கிறது. வீட்டுப் பேட்டரிக்குள் 10 யூனிட் போட்டால் ஏறக்குறைய 8.5 முதல் 9 யூனிட்தான் திரும்பி வரும். இந்த நிலையில் கட்டணம் குறையும் என்று சொல்லி ஒருவர் பேட்டரியை விற்றால் அவர் கணக்குப் போடவில்லை என்று அர்த்தம். கொடுக்கும் யூனிட்டுக்கு மிகக் குறைந்த விலையும், வாங்கும் யூனிட்டுக்கு அதிக விலையும் இருந்தால், அல்லது மாலை உச்சநேரத்தில் கட்டணம் கூடினால் கணக்கு தலைகீழாகும். அங்கே பேட்டரி பயன் தரும்.

அளவுக் கணக்கு

எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும் என்பதற்கு மாதாந்திர மின்கட்டண ரசீது பதில் சொல்லாது. இரண்டு வாரம், சூரியன் மறையும் நேரத்திலும் மறுநாள் காலையில் தகடுகள் உற்பத்தி தொடங்கும் நேரத்திலும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். இரவுச் செலவு எத்தனை யூனிட் என்பது தெரிந்துவிடும். அதே நாட்களில் தொகுப்புக்குப் போன உபரி எத்தனை யூனிட் என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டில் எது சிறியதோ, தினமும் பேட்டரி வழியாகப் போய் வரக்கூடியது அதுதான். அதைவிடப் பெரிய பேட்டரியின் எஞ்சிய பகுதி வருடம் முழுவதும் வெறுமனே முதுமையடையும். மழைக்காலத்திலோ குளிர்காலத்திலோ ஒரு தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

அடுத்து, யூனிட்டையும் கிலோவாட்டையும் குழப்பிக்கொள்வது. யூனிட் என்பது தொட்டியில் இருக்கும் தண்ணீர். கிலோவாட் என்பது குழாயின் விட்டம். 5 யூனிட் கொண்ட பேட்டரி, தன் கொள்ளளவில் பாதி வேகத்தில்தான் மின்சாரம் தரலாம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால், அதிலிருந்து ஒரே நேரத்தில் 2.5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. இதில் தண்ணீர் மோட்டாரையும் குளிர்சாதனத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்தான்; ஆனால் நேரடியாகத் தொடங்கும் மோட்டார், அந்தச் சில நொடிகளில் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். மின்தடையில் மோட்டாரைப் போட்டதும் வீடே அணைந்துவிடுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். மோட்டார், வெந்நீர்க் கொதிகலன் போன்றவற்றைக் காப்பு இணைப்புக்கு வெளியே வைத்துவிட்டு, விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, இணையம், தேவையான மருத்துவக் கருவி ஆகியவற்றுக்குத் தனிப் பலகை போடுவதே என் பரிந்துரை. முழு வீட்டுக்கும் காப்பு என்பது கேட்க நன்றாக இருக்கும்; அதற்கு ஆகும் இன்வெர்ட்டரின் அளவு வேறு.

இன்வெர்ட்டர் தன் சொந்தப் பிழைப்புக்கும் மின்சாரம் எடுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஓய்வில் 50 வாட் எடுத்தால் நாளுக்கு 1.2 யூனிட். சிறிய பேட்டரிக்கு இது பெரிய பங்கு.

ஈய அமில பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் கொள்ளளவில் பாதியைத்தான் தினமும் எடுக்கலாம்; லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை எடுக்கலாம். விலையை ஒப்பிடும்போது எழுதியிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, பயன்படுத்தக்கூடிய யூனிட்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பழைய பேட்டரிகளோடு புதியதை ஒரே வரிசையில் சேர்க்க வேண்டாம். வலுவிழந்தது வலுவுள்ளதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

மின்வேலையில் வரும் தவறுகள்

மெயின் கம்பியைச் சுற்றி ஒரு சிறிய வளையம் மாட்டப்படும். சி.டி. என்பார்கள். தொகுப்பிலிருந்து மின்சாரம் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்பதை இன்வெர்ட்டருக்குச் சொல்வது இதுதான். அதில் உள்ள அம்புக்குறி திரும்பிப் போனால், உள்ளே வருவதை வெளியே போவதாக இன்வெர்ட்டர் படித்துக்கொள்ளும். விளைவு: இரவில் தொகுப்பிலிருந்து மின்சாரத்தை எடுத்துப் பேட்டரி நிரப்பும், அல்லது சேமித்ததைத் தொகுப்புக்கு அள்ளிக் கொடுக்கும். வீட்டில் விளக்குகள் வழக்கம்போல் எரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. கட்டண ரசீது வரும்போதுதான் தெரியும். பொருத்திய அன்று இரவே, ஒரு பெரிய சாதனத்தைப் போட்டு, செயலியில் காட்டும் எண்ணை மீட்டருடன் ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் ஒருமுனை இன்வெர்ட்டரைப் போட்டால், மின்தடையில் அந்த ஒரு முனையில் உள்ளவை மட்டுமே ஓடும். மும்முனை மோட்டார் ஓடாது.

இன்னொன்றைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. பல நாடுகளில் நியூட்ரல், எர்த்துடன் சேர்வது மின் நிறுவனத்தின் பக்கத்தில். மின்தடையில் வீடு முழுமையாகத் துண்டிக்கப்படும்போது அந்தச் சேர்க்கையும் போய்விடலாம். அப்போது மின்கசிவு ஏற்பட்டாலும் மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியில்லை. கசிவைக் கண்டு டிரிப் ஆக வேண்டிய ஆர்.சி.சி.பி. வேலை செய்யாது. காப்பு நிலைக்கு மாறும் கணத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து, மின்சாரம் திரும்பியதும் பிரித்துவிடும் ரிலே சில இன்வெர்ட்டர்களுக்குள்ளேயே இருக்கும். சிலவற்றில் வெளியே வைக்க வேண்டும். இரண்டையும் நிரந்தரமாகச் சேர்த்துவிடுவது தீர்வல்ல. அது வேறு ஆபத்தைக் கொண்டுவரும். வீட்டில் எர்த் தனியாக நல்ல நிலையில் இருக்கிறதா என்பதையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பேட்டரிக் கம்பிகளில் சிக்கனம் பார்ப்பவர்கள் உண்டு. 5 கிலோவாட் சுமைக்கு 230 வோல்ட் பக்கத்தில் சுமார் 22 ஆம்பியர் ஓடும். 48 வோல்ட் பேட்டரிப் பக்கத்தில் 100 ஆம்பியருக்கு மேல். சரியாக முறுக்கப்படாத ஒரு திருகு போதும், அந்த இடம் பழுத்துப் போக. வீட்டு விளக்குகளுக்கான சாதாரண பிரேக்கரைப் பேட்டரிக்குப் போடுவது இன்னும் மோசம். 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால், பிரேக்கர் திறக்கும்போது எழும் பொறி தானாக அணைகிறது. நேர்திசை மின்சாரத்தில் பூஜ்யமே வராது. பொறி நீண்டு எரியும். அதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஃபியூஸ், பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் பலகையும் இன்வெர்ட்டரும் ஒரே மொழியில் பேச வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டின் மின்னழுத்தம், பாதி நிறைந்திருந்தாலும் முக்கால் நிறைந்திருந்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மின்னழுத்தத்தை மட்டும் பார்த்து இருப்பைச் சொல்லும் இன்வெர்ட்டர் தவறாகத்தான் சொல்லும். தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் இரண்டு கருவியும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இடமும் காகிதங்களும்

நேர் வெயில் படும் சுவர், படுக்கையறை, தீ பிடித்தால் வெளியேற வேண்டிய மாடிப்படிக்குக் கீழே: இந்த மூன்றும் கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மற்ற லித்தியம் வகைகளைவிடத் தீயில் நிதானமானது. ஆபத்தே இல்லாதது அல்ல. ஈய அமிலம் ஹைட்ரஜனை வெளியிடும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கக்கூடியது, காற்றோட்டம் கட்டாயம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு. லித்தியத்தை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தாலும் நிரந்தரச் சேதம்தான்.

பேட்டரி சேர்ப்பதை மின் நிறுவனத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்குங்கள். சோலாருக்கு முன்பு வாங்கிய அனுமதி இதற்கும் செல்லும் என்று எண்ண வேண்டாம். உத்தரவாதத்தில் ஆண்டுகளை மட்டும் படிக்காமல், மொத்தம் எத்தனை யூனிட் அல்லது எத்தனை சுழற்சி (ஒரு தடவை நிரம்பிக் காலியாவது), முடிவில் எத்தனை சதவீதக் கொள்ளளவு, எந்த வெப்பநிலை வரை என்பதையும் படியுங்கள்.

பொருத்தியவர் கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை. வெயில் இருக்கும் நேரத்தில், அவர் முன்னிலையில் மெயின் சுவிட்சை அணையுங்கள். எந்த விளக்கு எரிகிறது, எது அணைந்தது, தகடுகள் மீண்டும் உற்பத்தி தொடங்குகின்றனவா என்று பாருங்கள். காப்பு நிலையில் இருக்கும்போதே ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். பிறகு எர்த் வழியாகவும் அது டிரிப் ஆகிறதா என்று அவரிடம் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள், பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. மெயினைத் திரும்பப் போட்டதும் இன்வெர்ட்டர் உடனே தொகுப்புடன் சேராது. மின்னழுத்தம் நிலையாக இருக்கிறதா என்று சில நிமிடங்கள் பார்த்துவிட்டுத்தான் சேரும். அது பழுதல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும்.